அஞ்சாம் நம்பர் சாப்பிடப் போகவில்லை

அத்தியாயம் 6

மூன்று விரல் போன கையைப் பார்த்து யாருக்கும் ஜோக் வராது. நாத்தனாருக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

'ரெண்டே நாள் இருந்துட்டுப் போறேன்' என்று அண்ணன் வீட்டுக்கு வந்து, நாலு வருஷமாக அங்கேயே இருப்பவள் நாத்தனார். அண்ணனின் மனைவியோ, தொழிற்சாலையில் எது மக்கர் செய்தாலும், செய்தது இயந்திரமா மனுஷனா என்று கண்டுபிடித்துச் சொல்கிற துப்பறிவாளர். அண்ணிக்குப் பை தூக்க ஆள் வேண்டியிருந்தது, நாத்தனாருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. ஜோடி அமைந்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இருவரும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றின் பக்கத்தில் நின்றார்கள். கட்டிலில் இருந்தவள் டின் மூடித் தொழிற்சாலையின் ஆபரேட்டர். சனிக்கிழமை மதியம், தகரத்தை அடித்து மூடியாக்கும் அஞ்சாம் நம்பர் பிரஸ் அவளுடைய வலது கையில் மூன்று விரல்களை வாங்கிக்கொண்டது.

நாத்தனார் எதையாவது பேசியாக வேண்டுமே என்று, போர்வைமேல் கிடந்த இடது கையைப் பார்த்தாள். நகங்களில் பழுப்பும் சிவப்பும் கலந்த ஒரு பூச்சு. ஆள்காட்டி விரலில் மட்டும் இல்லை.

"கலர் நல்லாருக்கே. வெங்காயமா, மாதுளையா?"

"காஞ்ச ரோஜான்னு பேரு." ஆபரேட்டர் சிரிக்க முயன்றாள். "இப்பல்லாம் கடையில வர்றதில்ல. வெள்ளிக்கிழமை போட்டதோட பாட்டில் காலி. நாடி பார்க்கிற கிளிப் மாட்டணும்னு இங்க ஒரு நகத்தை மட்டும் சுரண்டிட்டாங்க."

பக்கத்து ஸ்டூலில் அவள் புருஷன் உட்கார்ந்து ஃப்ளாஸ்க் மூடியில் பாலை ஊற்றி ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார். அதே தொழிற்சாலையில் பிரஸ் பிரிவுக்கு ஃபோர்மேன். மூன்று நாளாக லீவு போட்டுவிட்டு இந்த ஸ்டூலைவிட்டு நகரவில்லை என்று நர்ஸ் மெச்சிக்கொண்டாள். கட்டினால் இப்படி ஒருத்தரைக் கட்டவேண்டும் என்று நாத்தனாரும் நினைத்துக்கொண்டாள்.

"உன் தம்பியை மன்னிச்சுடு," என்றார் ஃபோர்மேன் மெதுவாக. "வேணும்னே செய்வானா? கவனம் போதல, அவ்வளவுதான்."

"என் கையைப் பார்த்துட்டுச் சொல்லுங்க." ஆபரேட்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவனைத் தூக்கி வளர்த்தது இந்தக் கை. அவன் மட்டும் இந்த வாசலை மிதிச்சான்னா, மிச்சம் இருக்கிற கையாலயே கதவைச் சாத்துவேன்."

அவன் வாசலை மிதிக்கவில்லை. மாடிப்படியில் ஒரு பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொழிற்சாலையின் வயர்மேன், இப்போது வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன்.

"மூணு கவுண்ட்டர் மாத்திட்டேம்மா," என்றான் அண்ணியைப் பார்த்ததும். "புதுக் கேபிள் இழுத்தேன். அஞ்சாம் நம்பர் ஒயரைப் பிடுங்கினா, தொடர்பு போச்சுன்னு காட்டுற சிவப்பு லைட் அணையுது, மாட்டினா எரியுது. எனக்கே புரியல. நான்தான் அக்கா கையை வெட்டிட்டேன்னு வச்சுக்கோங்க. ஆனா எப்படி வெட்டினேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அண்ணி அவன் நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

*

தொழிற்சாலையில் எட்டுப் பிரஸ்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கவுண்ட்டர், ஓர் அடிக்கு ஓர் எண். மாடியில் கண்ணாடி அறைக்குள் கன்ட்ரோலர். எட்டையும் கோத்துக்கொண்டு ஒரே கேபிள் மேலே போகிறது. கன்ட்ரோலர் முறை வைத்துக் கூப்பிடும்: ஒண்ணு, எத்தனை? ரெண்டு, எத்தனை? கூப்பிட்ட நம்பர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஐம்பதாயிரம் அடி ஆனதும் கன்ட்ரோலர் அந்தப் பிரஸ்ஸைப் பூட்டிவிடும். பிரேக்கைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பூட்டுத் திறக்கும். பிரேக் தேய்ந்த பிரஸ், நிறுத்தின பிறகும் இன்னோர் அடி அடிக்கும். அந்த இன்னோர் அடிதான் சனிக்கிழமை விழுந்தது.

மேனேஜர் ஒரு கத்தைத் தாளை அண்ணி முன்னால் தள்ளினார். மணிக்கு மணி எண்ணிக்கை. தொடர்பு போன இடங்களில் சிவப்புக் கோடு.

"பாருங்க மேடம். ரெண்டு மாசமா திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் அஞ்சாம் நம்பர் தொடர்பு போயிடுது. வெள்ளி, சனி சுத்தம். வயர்மேனுக்கு இங்க டியூட்டி என்னைக்கு? திங்கள்ல இருந்து வியாழன். வெள்ளி, சனி வேற பிரிவு. சிவப்பு விழுந்த நேரமெல்லாம் எண்ணிக்கை ஏறல, பூட்டு விழல, யாரும் பிரேக்கைப் பார்க்கல. நேத்து அவனை வெளியே அனுப்பினேன். நேத்தும் இன்னைக்கும் ஒரு சிவப்பு உண்டா? நாலு மணிக்கு விசாரணை, நாலே காலுக்குப் போலீஸ். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"தீர்ப்பை முதல்ல எழுதிட்டு அப்புறம் விசாரணையா?" என்றாள் நாத்தனார். "நல்ல பழக்கம் சார். நேரம் மிச்சம்."

மேனேஜர் கேட்காத மாதிரி இருந்தார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் பளபளவென்று ஒரு கேடயம். 'ஒரு நாளும் நிற்காத அஞ்சாம் நம்பர். ஃபோர்மேனுக்குப் பாராட்டு.'

அண்ணி தாள்களைப் புரட்டினாள். சிவப்பு விழுந்த பக்கங்களை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. சிவப்பே இல்லாத பக்கங்களைத்தான் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 

"உங்க ஃபாக்டரியில சாப்பாடு எப்போ?"

"ஒண்ணுல இருந்து ரெண்டு. அந்த நேரத்துல எல்லாப் பிரஸ்ஸும் நிக்கும்."

"அஞ்சாம் நம்பருக்குப் பசிக்காதோ?"

"என்ன மேடம்?"

"வெள்ளிக்கிழமை. காலையில எட்டு மணிக்கு முந்நூத்தி அறுபது அடி. ஒம்பது மணிக்கு முந்நூத்தி அறுபது. ஒண்ணுல இருந்து ரெண்டுக்கும் அதே முந்நூத்தி அறுபது. மத்த ஏழு பிரஸ்ஸும் சாப்பிடப் போயிருக்கு. இது மட்டும் போகல. மத்ததெல்லாம் மணிக்கு ஆயிரத்தி ஐந்நூறு அடிக்குது, இது மட்டும் கிழவன் நடை நடக்குது. நீங்க பார்க்கலையா?"

"நான் சிவப்பு இருக்கான்னுதான் பார்ப்பேன்."

"மூடி கம்மியா வரணுமே?"

"மூடியை எடை போட்டு அனுப்பிடுவோம். அடியோட யார் ஒத்துப் பார்ப்பாங்க?"

"சரி, இன்னொண்ணு." அண்ணி கடைசித் தாளை எடுத்தாள். "சனிக்கிழமை விபத்து நடந்ததும் அஞ்சாம் நம்பருக்கு சீல் வச்சிட்டீங்க. நேத்து காலையில எட்டு மணிக்கு முந்நூத்தி அறுபது அடி. இன்னைக்கும் அதே. சீல் வச்ச பிரஸ்ஸை யார் சார் ஓட்டறாங்க?"

மேனேஜர் தாளை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். முந்நூற்று அறுபது அங்கேயேதான் இருந்தது.

"பேய் ஓட்டினாலும் சாப்பாட்டுக்கு விடணும் சார்," என்றாள் நாத்தனார்.

*

மணி ஒன்று அடித்ததும் பட்டறை அடங்கியது. நாத்தனாரை மாடியில் மேனேஜருடன் கண்ணாடி அறைக்குள் விட்டுவிட்டு, அண்ணி மட்டும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கீழே போனாள். போகிற வழியில் மின்சாரப் பேனல் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை வாசித்தாள். இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். பிரஸ் அடிக்கிற அதிர்ச்சியில் ஸ்க்ரூ கழன்றுவிடும் என்று, யார் எந்த ஸ்க்ரூவை முடுக்கினாலும் அதன் தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிட வேண்டும். கழலவும் கழலாது, கடைசியாகத் தொட்டது யார் என்றும் தெரியும். ஃபோர்மேனுக்குப் பச்சை, வயர்மேனுக்கு நீலம், மற்ற எல்லோருக்கும் வெள்ளை.

அண்ணி அஞ்சாம் நம்பர் கவுண்ட்டரின் பெட்டியைத் திறந்தாள். கேபிளிலிருந்து வரும் ஒயர் வெளியே பிடுங்கப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூத் தலையில் நீலப் பொட்டு உடைந்திருந்தது.

"வாயாடி, திரையில அஞ்சு என்ன காட்டுது?"

"எண்ணுது அண்ணி. இதோ, ஒண்ணு ஏறுச்சு."

"இங்க கவுண்ட்டர் ஒயரே மாட்டல. பிரஸ் நிக்குது."

"செத்தும் கணக்கு விடல போலிருக்கு. இதோ இன்னொண்ணு."

டக்.

பட்டறையே நிசப்தமாக இருந்ததால்தான் அது கேட்டது. அண்ணி தலையைத் திருப்பினாள்.

"ஏறும்போது மட்டும் சொல்லு."

"இப்ப."

டக்.

"இப்ப."

டக். பத்து வினாடிக்கு ஒரு டக். நிமிஷத்துக்கு ஆறு, மணிக்கு முந்நூற்று அறுபது. பிரஸ்களுக்கு எண்ணெய் ஊட்டுகிற பம்ப் அது. யார் சாப்பிடப் போனாலும் அது போகாது, ஷிஃப்ட் முடிகிறவரைக்கும் ஓடும். அண்ணி அதன் பின்பக்கம் குனிந்து கையைவிட்டாள். எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே ஒரு சின்னத் தகரப் பெட்டி. உள்ளே இன்னொரு கவுண்ட்டர். அதன் நம்பர் சுவிட்ச் அஞ்சில் இருந்தது.

மேனேஜரும் நாத்தனாரும் ஓடி வந்தார்கள்.

"பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடுவாங்க இல்ல சார்?" அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அஞ்சாம் நம்பர்னு கூப்பிட்டதும் ரெண்டு பேர் ஒரே நேரத்துல 'உள்ளேன் ஐயா'ன்னா வாத்தியாருக்கு என்ன கேட்கும்? வெறும் கூச்சல். அதுதான் உங்க சிவப்புக் கோடு. வாரக் கடைசியில ஒருத்தர் நிஜ அஞ்சோட ஒயரைப் பிடுங்கிடறார். அப்போ இந்தத் திருட்டு அஞ்சு மட்டும் பதில் சொல்லுது. சத்தமே இல்ல, சுத்தமா இருக்கு. திங்கட்கிழமை வயர்மேன் வந்து, ஒயர் கழண்டிருக்கேன்னு ஒழுங்கா மாட்டறார். உடனே கூச்சல். உங்க தாள்ல சிவப்பு விழுந்த நாள் எல்லாம் ஒருத்தர் ஒழுங்கா வேலை பார்த்த நாள். சுத்தமா இருந்த நாள்தான் திருட்டு நாள். நாலு நாளைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டிய பிரேக்கை, இந்த பம்ப் எண்ணினா பதினேழு நாள் பார்க்க வேண்டாம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சரிதான்.

"ஒரு சந்தேகம்," என்றாள் நாத்தனார். "வயர்மேன் நிஜ அஞ்சைப் பிடுங்கிப் பார்த்தேன்னு சொன்னாரே. அப்பவும் மேல திரையில எண்ணிக்கை ஓடியிருக்கணுமே? நான் பார்த்தேனே இப்ப?"

"அதான் கேள்வி." அண்ணி ஃபோனில் வயர்மேனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். "தம்பி, அஞ்சோட ஒயர் பிடுங்கி இருக்கு. ஆனா மேல திரையில அஞ்சு எண்ணிட்டே இருக்கு. நீங்க கீழ பிடுங்கிப் பார்த்தப்போ, மேல இருந்து பார்த்துச் சொன்னது யாரு?"

"திரையில... ஓடுதா?" என்றான். அப்புறம், "விடுங்கம்மா. நானே பண்ணினேன்னு எழுதிக்கோங்க." லைன் அறுந்தது.

"இவர் ஏன் திடீர்னு குற்றவாளி ஆகத் துடிக்கிறார்?" என்று முணுமுணுத்தபடி நாத்தனார் தகரப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். திருட்டுக் கவுண்ட்டரின் ஸ்க்ரூத் தலைகளில் பொட்டு இருந்தது. பச்சை இல்லை, நீலம் இல்லை, வெள்ளையும் இல்லை.

"ஐயோ, காஞ்ச ரோஜா! காலையில அந்த ஆபரேட்டர் நகத்துல பார்த்தோமே அண்ணி!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நாத்தனார் வாயால் கெட இருந்தது இன்னொருத்தி. மேனேஜரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"அப்படிச் சொல்லுங்க! அக்காவும் தம்பியும் கூட்டு. பிரஸ் நிக்கக் கூடாதுன்னு அவ வச்சா, இவன் மாட்டினான். தம்பிதான் ஒத்துக்கிட்டானே! ரெண்டு பேரையும் சேர்த்தே எழுதிடுங்க மேடம்."

நாத்தனாருக்குத் தன் நாக்கையே கடித்துத் துப்பவேண்டும் போலிருந்தது. விரல் போனவளுக்கு விலங்கும் வாங்கிக் கொடுத்துவிட்டாளே.

அண்ணி கோபப்படவில்லை. "நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றாள். "ஆஸ்பத்திரிக்கு உங்க கார்லயே போகலாம் சார்."

*

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவனை அண்ணி கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிவந்தாள். அவனைப் பார்த்ததும் ஆபரேட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேனேஜர் கதவருகே நின்றார். ஃபோர்மேன் ஸ்டூலிலிருந்து மரியாதையாக எழுந்து, "உட்காருங்க சார்" என்றார். கையில் ஃப்ளாஸ்க் மூடி, அதில் பால்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்தக் காஞ்ச ரோஜா பாட்டிலை யாருக்காவது குடுத்தீங்களாம்மா?"

"அதை யாரு கேட்பா? இவர்தான் ரெண்டு மாசம் முன்னால ஃபாக்டரிக்கு எடுத்துட்டுப் போனார். பச்சை தீர்ந்துபோச்சாம், ஸ்க்ரூவுக்குப் பொட்டு வைக்கணும்னு. வைக்காம விட்டா ராத்திரி தூக்கம் வராது இவருக்கு. பாதிதான் திரும்பி வந்துச்சு. ஏன்?"

"எண்ணெய் பம்புக்குப் பின்னால இன்னொரு அஞ்சாம் நம்பர் கவுண்ட்டர் ஒளிச்சு வச்சிருந்துச்சு. பிரஸ்ஸோட அடியை அது எண்ணல. பம்பைத்தான் எண்ணிச்சு. அதுல இந்தப் பொட்டு இருக்கு."

ஆபரேட்டர் பத்து வருஷம் பிரஸ்ஸில் நின்றவள். அவளுக்கு வாத்தியார் கதையெல்லாம் தேவைப்படவில்லை. புருஷனை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் பாலை ஊதிக்கொண்டிருந்தார். மூன்று நாளாகப் பழகிய வாய் தானாக ஊதிக்கொண்டிருந்தது.

"ஊதறதை நிறுத்துங்க," என்றாள்.

"நான் கீழ இருந்து கத்துவேன்," என்றான் வயர்மேன் தரையைப் பார்த்தபடி. "மாமா, அஞ்சு என்ன காட்டுதுன்னு. எண்ணே வரல, வெறும் கோடுதாண்டான்னு மேல இருந்து சொல்வார். மூணு தடவையும் அதேதான். மாமாவே சொல்றாரேன்னு நான் ஒரு தடவைகூட மேல ஏறிப் பார்க்கல."

"மூணு நாளா இவர் மன்னிச்சுடுன்னு சொன்னது உன்னைடா," என்றாள் ஆபரேட்டர்.

ஃபோர்மேன் மேனேஜரைப் பார்த்தார். "நிக்காம ஓட்டினா சூப்பர்வைசர்னு சார்தான் சொன்னார்... ரெண்டு நாள் போச்சுன்னா நானே பிரேக்கை மாத்தியிருப்பேன். சத்தியமா."

"சனிக்கிழமை என் டியூட்டி மூணாம் நம்பர்ல. ஆள் வரல, ஒரு மணி நேரம் அஞ்சுல நில்லுன்னு நீங்கதானே அனுப்பினீங்க? பிரேக் பார்க்கலன்னு தெரிஞ்சா அனுப்பினீங்க?"

அவர் கையிலிருந்த மூடியில் பால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "எனக்கு இதெல்லாம் தெரியாது மேடம். நான் நல்லா வேலை செய்யறவங்களைப் பாராட்டினேன், அவ்வளவுதான்."

"நிக்கறதுக்குத்தான் சார் அந்த எண்ணிக்கையே," என்றாள் அண்ணி. "நிக்காததுக்கு நீங்க கேடயம் குடுத்தீங்க. என் கையெழுத்து கேட்டீங்களே, ரெண்டு பேரையும் எழுதித்தான் போடுவேன். முதல் பேர் இவர். ரெண்டாவது யாருன்னு கார்ல போகும்போது யோசிச்சுக்கோங்க."

வேலியே பயிரை மேய்ந்தால் போலீசுக்குப் போகலாம். அந்த வேலி தினமும் பக்கத்தில் படுத்துத் தூங்கினால் எங்கே போவது? காலையில் இந்த ஆளைப் பார்த்து நாத்தனார் என்னென்னவோ நினைத்திருந்தாள்.

ஆபரேட்டர் அழவில்லை. இடது கையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். பூச்சு உள்ள நாலு நகங்கள். கட்டுப்போட்ட வலது கையை அதனிடம் கொண்டுபோனாள். கொண்டுபோன பிறகுதான் நினைவு வந்தது போலும், அப்படியே நிறுத்திவிட்டாள்.

"இதைத் துடைக்கணும்," என்றாள்.

நாத்தனார் பையைக் குடைந்து ரிமூவரும் பஞ்சும் எடுத்தாள். ஃபோர்மேன் மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "குடுங்க, நான் பண்றேன்."

"நீங்க பண்ணினது போதும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக.

"வாடா. எனக்கு இன்னொரு கை இல்ல."

அவன் கட்டிலோரம் மண்டியிட்டு, அக்காவின் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். பூச்சு நன்றாகப் பிடித்திருந்தது, லேசில் போகவில்லை. மூன்றாவது நகத்திலேயே பஞ்சு தீர்ந்துவிட்டது. நாத்தனார் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.